கல்யாண வீட்டுக்குப் போன கோலமாவு

டன்லப் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.
20-10-1962, சனிக்கிழமை

அன்பு மகள் செல்வி லீலாவுக்கு உன் அன்னை மனம் கனிந்து வரைவது.

இவ்விடம் என் உடல்நலத்துக்குக் குறைவொன்றும் இல்லை. பர்மிங்ஹாமின் குளிர் உன் மார்பில் இறங்காமலும், இரவு முறை வேலை உன் கண்களைக் கெடுக்காமலும், நோயாளிகளைப் பேணுவதுபோல் நீ உன்னையும் பேணிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டுமென்று வீரமாகாளியம்மன் சந்நிதியில் நாள்தோறும் வேண்டி வருகிறேன். இக்கடிதத்தை இந்த வாரத் தொடக்கத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் என் சோம்பல் அன்று, நம் மில்லுக்கு நேர்ந்துள்ள பெருந்துன்பம். உன் சித்தப்பா வேலாயுதம் உனக்குத் தனியே எழுதியிருப்பதாக இன்று காலைதான் தெரிந்துகொண்டேன். அண்ணிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, அண்ணன் கட்டிய மில்லை அண்ணியே கவிழ்க்கிறார், நீயாவது எழுதி அவரைப் பொறுப்பிலிருந்து விலகச் சொல் என்று அவர் எழுதியிருக்கக்கூடும். அதைப் படித்துவிட்டு நீ நர்ஸ் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கப்பலேறிவிடுவாயோ என்ற அச்சம் என்னை உறுத்துகிறது. ஆகவே நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு யார் பக்கம் நியாயம் என்று நீயே தீர்மானித்துக்கொள். நடுவில் நிறுத்திவிடாதே.

சென்ற ஞாயிறு கம்பெல் லேன் முகம்மது யூசுப் அவர்களின் மூத்த மகளுக்கு நிக்காஹ். கைலிக் கடை யூசுப் என்றால் உனக்கு முகம் நினைவுக்கு வரும். நீ பள்ளிக்குப் போகும்போதெல்லாம் கடைப்படியில் நின்று உன்னை "டாக்டரம்மா" என்று கேலி செய்வாரே, அவர்தான். காலைப் பசியாறலுக்கு இடியாப்பம் செய்து தரும் பொறுப்பை மைமூன் ஏற்றிருந்தாள். உன் தந்தை காலம் முதல் நம் மில் மாவைத் தவிர வேறு மாவைத் தொடாதவள் மைமூன். நம்மிடம் பச்சரிசி மாவாக வாங்கிச் சென்று தன் வீட்டு வாணலியில் தானே வறுத்துக்கொள்வாள். அன்று பசியாறி எழுந்தவர்கள் வெற்றிலை போடுவதற்குள்ளாகவே ஒருவர் பின் ஒருவராக வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிட்டனர். மாப்பிள்ளையே கழுத்து மாலையோடு பின்கட்டுக்கு ஓடினாராம். பெரும்பாலோர் மாலைக்குள் தேறிக்கொண்டனர். ஆனால் பெண்ணைப் பெற்ற யூசுப் மட்டும், நீரிழிவும் இதய பலவீனமும் உள்ளவராகையால், நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். திங்கட்கிழமை காலை, தீபாவளிக்கு முறுக்கு மாவு வாங்க வந்த கூட்டம் தெருவரை நின்றுகொண்டிருந்த வேளையில், மீதி மாவை ஒரு சட்டியில் ஏந்திக்கொண்டு மைமூன் வந்து நின்றாள். "செல்லக்கண்ணக்கா, என் கையால பசியாறினவங்க ஏப்பம் விட்டு எந்திரிச்சுத்தான் பார்த்திருக்கேன், வாந்தி எடுத்து எந்திரிச்சுப் பார்த்ததில்ல. மாவுல என்னாத்தக் கலந்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் உன் சித்தப்பா முந்திக்கொண்டு, "எங்க மாவுல ஒண்ணுமில்ல. ஒன் தேங்காப்பாலு திரிஞ்சு போயிருக்கும், போ லா" என்று சொல்லிவிட்டார். மைமூன் சட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். 

அன்று பிற்பகலே சுகாதார இலாகாவினர் வந்தனர். மாவிலும் அரிசியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை ஒரு பிடி மாவும் வெளியே போகக்கூடாதென்று இயந்திர அறைக்கு முத்திரை வைத்துச் சென்றனர். தீபாவளி அடுத்த வாரம். வருடம் முழுவதும் நாம் ஓட்டும் ஓட்டம் இந்தப் பத்துப் பதினைந்து நாளை நம்பித்தான் என்பது நீ அறியாததன்று. மறுநாள் விடிந்தபோது, வாங்கிப் போனவர்களெல்லாம் முறுக்கு மாவையும் மிளகாய்த் தூளையும் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தேக்கா பாசாரில் காய் வாங்கப் போனால், கீரை விற்கும் அம்மாள் என்னைப் பார்த்து, "என்னம்மா, இந்த வருசம் முறுக்கு நேரா ஆஸ்பத்திரிக்கே போவுதாமே" என்று சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் நம் மாவை இனி வேண்டாமென்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டனர். அதைவிட என்னை அஞ்ச வைத்தது வேறொரு பேச்சு. இந்து மில்லிலிருந்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாவு என்று இரு தரப்பிலும் சிலர் முணுமுணுக்கத் தொடங்கினர். இத்தனை காலம் ஒரே தெருவில் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை ஒருவர் உண்டு வாழ்ந்தவர்களிடையே என் மில் மாவு இப்படி ஒரு கோடு கிழிப்பதா என்று எண்ணியபடியே அன்றிரவு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் என்னவென்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உன் சித்தப்பா அரிசி வியாபாரியைக் குறை சொன்னார். இயந்திரம் ஓட்டும் கோவிந்தசாமியோ, "என் கல்லு மேல சத்தியமா சொல்றேன் முதலாளியம்மா, ஒரு தூசு தும்பு உள்ள போவல" என்று அழாத குறையாகச் சொன்னார். புதன்கிழமை காலை நான் தனியே அமர்ந்து, மைமூன் வைத்துவிட்டுப் போன சட்டியை எடுத்து முகர்ந்தேன். தும்மல் வந்தது. ஒரு சிட்டிகை மாவை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டு நீர் விட்டுத் தேய்த்தேன். வழவழவென்று வந்து, விரலிடுக்கில் சிறு நுரை கட்டியது. மறுபடியும் முகர்ந்தேன், லீலா. அது சீயக்காய்.

நீ அறிந்ததே ஆயினும் தொடர்ச்சிக்காக எழுதுகிறேன். எண்ணெய்க் குளியலுக்காகச் சீயக்காய் அரைத்த பிறகு, அதே இயந்திரத்தில் உணவு மாவு அரைக்கும் முன், கல்லைத் துடைப்பதற்காகப் பச்சரிசியைக் கொட்டி ஓட்டுவது நம் வழக்கம். கல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் சீயக்காயையெல்லாம் இழுத்துக்கொண்டு அந்த அரிசி மாவாக வெளிவரும். அரிசியைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல் உன் தந்தை அதை மில் வாசலில் ஒரு பெரிய தகர டின்னில் போட்டு வைக்கச் செய்தார். கோலம் போடப் பெண்கள் விலையின்றி அள்ளிச் செல்வார்கள். அது உண்ணும் மாவு அன்று என்று அந்த டின்னின்மேல் எவரும் எழுதி வைத்ததில்லை. அதை எடுக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் வாசலில் கோலமிடும் வீட்டார். அவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? தீபாவளிக்காக மூட்டை மூட்டையாகச் சீயக்காய் அரைத்த வாரமாகையால் அந்த மாவில் சீயக்காய் வழக்கத்தைவிட மிகுந்து இருந்திருக்கிறது. அது எவ்வாறு மைமூன் வீட்டுக்குப் போயிற்று என்று விசாரித்தேன். சனிக்கிழமை மதியம் கோவிந்தசாமி உணவுக்குப் போயிருந்த வேளையில், மைமூனின் மாவைக் கட்டி லாரியில் ஏற்றியவர் அப்துல் அலீம். துறைமுக வேலையை விட்டுவிட்டு இவ்வருடம்தான் நம்மிடம் சேர்ந்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஓயாமல் உழைப்பவர். அழைத்துக் கேட்டேன். சிறிதும் ஒளிக்காமல் சொன்னார். "மூட்டை மாவு கொஞ்சம் கொறஞ்சுச்சும்மா. வாசல் டின்னுல இருந்து போட்டு நெரப்பினேன். தெனமும் காலையில நல்ல நல்ல வீட்டுப் பொம்பளைங்கல்லாம் அதைத்தானே கேட்டு வாங்கிட்டுப் போறாங்க? காசும் வாங்க மாட்டேங்கிறீங்க. பழகுன ஆளுங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கிற ஒசந்த மாவுன்னுல நெனச்சேன். மைமூன் ராத்தாவும் பழகுன ஆளுதானேன்னு போட்டேன்" என்றார். அவர் வீட்டில் கோலமிடும் வழக்கமில்லை. அவரிடம் சொல்ல வேண்டுமென்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடந்தது இவ்வளவே.

இவ்வளவே என்று நான் எழுதினாலும், உன் சித்தப்பாவுக்கு அது அப்படித் தோன்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசினார். "அண்ணி, நல்லதாப் போச்சு. செஞ்சது நாம இல்ல, அந்த பாய். வேலைய விட்டுத் தூக்குவோம், அவன் பண்ணுன வேலைன்னு சொல்லிடுவோம். அவங்க ஆளே செஞ்சதுன்னு தெரிஞ்சா அவங்களும் வாயைத் தொறக்க மாட்டாங்க. மில்லு தப்பிச்சிடும்" என்றார். நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கக் கண்டு, "எனக்கென்னமோ தெரிஞ்சே செஞ்சிருப்பானோன்னுதான் தோணுது. யாரு அண்ணி கோலமாவை ஒசந்த மாவுன்னு நெனப்பா?" என்றும் சொன்னார். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம், சோதனைச்சாலையில் சீயக்காயை எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்பது அவர் சொன்ன இரண்டாம் வழி. அவரைப் பொல்லாதவராக நினைத்துவிடாதே. மில்லை நம்பி இருக்கும் குடும்பங்களையும் சிராங்கூன் ரோட்டில் உன் தந்தையின் பெயர் எழுதிய பலகையையும் நினைத்தே அவர் அப்படிப் பேசினார். உள்ளதைச் சொல்வதானால், ஒரு முழு நாள் நானும் ஊசலாடினேன். "மருதப்பன் மாவு மில் கம்பெனி" என்ற பெயர் போய்விட்டால் அந்தப் பெயரை நம்பிப் பிழைக்கும் பதினான்கு வீட்டுக்கு நான் என்ன விடை சொல்வது? அலீம் ஒருவரை அனுப்பினால் மற்றவர் பிழைப்பர் என்ற கணக்கு, கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தது. எந்த நேரமும் அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காமல், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்தறிந்தவள் நான். படித்த பெரியவர்கள் நடத்தும் கம்பெனிகளில் இத்தகைய வேளையில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. கேட்டறிய எனக்கு மேல் ஒருவரும் இல்லை.

முடிவு செய்ய வைத்தது யூசுப் அவர்களின் நிலைமை. வியாழக்கிழமை அவர் மகன் நம் கடை வழியாகப் போனபோது, "வாப்பாவுக்கு என்னா வெசம்னே டாக்டருக்குத் தெரியல. எலி மருந்தோ பூச்சி மருந்தோன்னு நெனச்சு ஊசி போட்டுக்கிட்டே இருக்காங்க" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என் வாயில் இருக்கும் ஒரு சொல் அந்த மனிதருக்கு மருந்தாகுமோ என்ற எண்ணம் தோன்றிய பின் நான் எப்படி மூடிக்கொண்டு உட்கார முடியும்? புடைவையைக்கூட மாற்றாமல் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளவயதுச் சீன டாக்டர். என் ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை, அவர் ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை. சவுக்காரம் போன்றது என்று உணர்த்த, பாசார் மலாயில் "சாபுன், சாபுன்" என்று சொல்லித் தலையில் தேய்த்துக் காட்டினேன். அவர் என்னையே பைத்தியம் என்று எண்ணியிருக்க வேண்டும். நல்லவேளையாக அங்கே ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாள். அவளிடம் சீயக்காயையும் கல்லையும் டின்னையும் விளக்கினேன். கையோடு கொண்டுபோன சீயக்காய்த் தூளையும் கொடுத்தேன். டாக்டர் அதை நீரில் கலக்கி நுரையைப் பார்த்தார். பிறகு வேகமாக ஏதோ உத்தரவிட்டுக்கொண்டு உள்ளே போனார். உடனே மருந்தை மாற்றினார்களாம். வெள்ளைத் தொப்பியோடு அந்தப் பெண் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டபோது உன்னை நினைத்துக்கொண்டேன். சீயக்காய் வயிற்றில் என்ன செய்யும், இதயத்தைத் தொடுமா, தேறிய பின்னும் பின்விளைவு உண்டா என்று உன் புத்தகங்களில் பார்த்து எனக்கு எழுத வேண்டும். இங்கே கேட்டால் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்களோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மைமூன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் தேங்காய்ப்பாலில் குற்றமில்லை, உன் கையில் குற்றமில்லை, குற்றம் என் மில்லினுடையது என்றேன். அவள், "பெசையும்போதே வழவழன்னுச்சு, புது அரிசியா இருக்கும்னு நெனச்சேன். உங்க மாவாச்சேன்னு நம்பினேன்க்கா, வேற மாவா இருந்தா கொட்டியிருப்பேன்" என்றாள். அதற்கு மேல் என்னை வைவதற்கு என்ன இருக்கிறது? பிறகு, "என்கிட்ட சொல்லிட்டீங்க. ஊருக்கு யாரு சொல்றது? அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் பேசியிருந்தேன், ரெண்டும் போச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு முன் நின்றுகொண்டு நான் தீர்மானித்தது ஒன்று. இனி இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சுகாதார இலாகாவுக்கு நானே போய் எழுத்தில் கொடுத்தேன். அறிவிப்பு ஒன்றையும் எழுதினேன். ஊருக்குச் சொல்லியே தீருவேன் என்று நான் நின்றதால் உன் சித்தப்பா வக்கீல் குமாஸ்தாவிடம் எழுதி வாங்கி வந்ததில், எதிர்பாராத காரணங்களால் என்று ஒரு தொடர் இருந்தது. எதிர்பார்த்திருக்க வேண்டிய காரணம் என்று நான் அதை அடித்துவிட்டேன். "எங்கள் மில் வாசலில் கோலத்துக்காக வைத்திருந்த சீயக்காய் கலந்த மாவு, பெயர் எழுதாமல் வைத்த எங்கள் அஜாக்கிரதையால், கல்யாண வீட்டு உணவில் சேர்ந்துவிட்டது. சமைத்தவர் பேரிலும் மாவைக் கட்டிக் கொடுத்தவர் பேரிலும் குற்றமில்லை. இம்மாதம் எங்களிடம் வாங்கிய மாவு எதுவாயினும் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதி, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மில் வாசலிலும், தேக்காவிலும், கேலாங் சிராய் வரை நம் மாவு போகும் கடைகளிலும் ஒட்டச் செய்தேன். தமிழ்ப் பத்திரிகையிலும் இன்று வெளிவந்துள்ளது. லாரியில் நானும் ஏறி உட்கார்ந்து கடை கடையாகப் போய் மூட்டைகளைத் திருப்பி எடுத்தேன். சில கடைக்காரர் மரியாதையோடு கொடுத்தனர். சிலர் மூட்டையைத் தெருவில் தள்ளினர். நல்ல மாவும் அதில் இருந்தது, அதை நான் அறிவேன். பிரித்துப் பார்த்துப் பாதியை விற்கலாம் என்றார் கோவிந்தசாமி. வேண்டாம் என்றேன். குழி வெட்டி அத்தனை மாவையும் கொட்டியபோது அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மனுசனைப் பொதைக்கிற மாதிரி இருக்கும்மா" என்று விம்மினார். வேலையாட்களையெல்லாம் கூட்டி, இயந்திரம் நின்றாலும் ஒருவரையும் நிறுத்தப் போவதில்லை, அலீமையும் நிறுத்தப் போவதில்லை என்று சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை, லீலா. முத்திரை எப்போது எடுப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அலீம் மட்டும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் பக்கத்தில் நிற்க எவரும் விரும்பவில்லை என்பதையும் கவனித்தேன். உன் சித்தப்பா நேற்று முதல் என்னோடு பேசுவதில்லை. அலீமை வைத்துக்கொண்டால் தான் மில்லுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று கோவிந்தசாமி மூலம் சொல்லி அனுப்பினார்.

இன்று காலை ஒரு நல்ல சொல் வந்தது. அபாயம் முற்றிலும் நீங்கவில்லை என்று டாக்டர் சொன்னாலும், யூசுப் கண் விழித்துப் பேசினாராம். நடந்ததை மகன் சொல்லக் கேட்டு, "ஆக, செல்லக்கண்ணம்மா எனக்கு உள்ளுக்கும் சீயக்கா போட்டுக் குளிப்பாட்டிட்டாங்க. மண்டையில முடியில்லைன்னு வயித்துல தேச்சாங்களா" என்று சிரிக்கப் போய் இருமினாராம். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் இன்று மாலைவரை கடையில் ஒரு வாடிக்கையாளர்கூடப் படியேறவில்லை. அறிவிப்பைப் படிப்பவர்கள் நின்று படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தீபாவளிக்கு மில் திறக்குமா, திறந்தாலும் யாராவது வருவார்களா, நான் செய்தது சரியா, உன் தந்தை இருந்தால் என்ன செய்திருப்பார் என்றெல்லாம் இரவும் பகலும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ சித்தப்பாவுக்குக் கடுமையாக எழுதாதே. எனக்காகப் பரிந்தும் எழுதாதே. உன் தேர்வு முடியும்வரை இங்கு வரவேண்டாம். உன்னைப் பற்றிய கவலையையும் இவற்றோடு சேர்த்துச் சுமக்க என்னால் இயலாது.

இவ்வளவும் எழுதி மடித்து உறையிலிட இருந்தேன். மீண்டும் பிரித்து எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள். கணக்கு மேசையிலிருந்த தம் பொருள்களை எடுத்துப் போக உன் சித்தப்பா வந்திருந்தார். என் முகத்தைப் பாராமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில் அலீம் வாசலில் வந்து நின்றார். "ம்மா, ஒண்ணு சொல்லணும். மூணு நாளா தூக்கமில்ல. சொன்னா வேலைய விட்டு அனுப்பினாலும் சரி" என்றார். சொல்லப்பா என்றேன். "லீலாம்மாவுக்குப் போன மாசம் கப்பல்ல அனுப்புன பார்சலைக் கட்டுனது நாந்தான். பருப்பு, மொளகாத்தூளு எல்லாம் வெச்சிட்டு, அரிசி மாவுக்கு உள்ள போனேன். அப்பறம் சீமையில ஒத்தையில கெடக்குற புள்ளைக்குச் சாதா மாவு எதுக்குன்னு, வாசல் டின்னுல இருந்து அழுத்தி அழுத்தி ஒரு டின்னு நெறைய வெச்சு அனுப்பிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.  ஊராரிடமெல்லாம் திருப்பிக் கேட்டவள், என் பெண்ணுக்கு அனுப்பியதை எண்ணிப் பார்க்கவில்லையே. உன் சித்தப்பாதான் முதலில் பேசினார். "அடப்பாவி மனுசா, எங்க புள்ளைக்குமா?" என்று கையை ஓங்கிக்கொண்டு இரண்டடி வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அலீமின் முகத்தையே பார்த்தார். ஓங்கிய கையால் தம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேணும்னு செய்யிறவன் முதலாளி மவளுக்கு அனுப்பிட்டு, தானே வந்து மாட்டிக்குவானா? கூமுட்டை. ஒசந்த மாவாம், ஒசந்த மாவு" என்று முனகினார். பிறகு கட்டிய மூட்டையை மேசைக்கடியில் காலால் தள்ளிவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "எந்திரிய்யா, தந்தியாபீசு சாத்துறதுக்குள்ள போவோம். அண்ணி, புள்ளையோட விலாசத்தை எழுதிக் கொடுங்க, சீக்கிரம்" என்றார். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டுப் போனார்கள். இந்தக் கடிதத்தை நான் எழுதி முடிப்பதற்குள் திரும்பிவிடுவார்கள்.

மாவை உண்ணாதே என்று ஒரே வரியில் தந்தி வந்து, அதன் பொருள் விளங்காமல் நீ கலங்கியிருப்பாய். காரணம் இதுதான் என்று இப்போது புரிந்திருக்கும். ஒருவேளை பார்சல் முந்திக்கொண்டு, நீ ஏற்கெனவே அதில் ஏதாவது செய்து உண்டிருந்தால் ஒன்றையும் மறைக்காமல் உடனே எனக்குத் தந்தி கொடு. உன் பதில் வரும்வரை எனக்கு உணவு இறங்காது. நீ நீடூழி வாழ்க. எடுத்த படிப்பைக் குறையின்றி முடித்து, பலருடைய நோய் தீர்க்கும் கைகளோடு என்னிடம் வந்து சேர அம்மன் உனக்குத் துணை நிற்க வேண்டும். தீபாவளி அன்று நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீரில் குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

மறவாதே: அந்த டின்னைக் கொட்டிவிடு. பண்டிகைக்கு விடுதி வாசலில் ஒரு கோலமாவது போடலாம் என்று உனக்குத் தோன்றும். அதற்காகக்கூட அதை அலமாரியில் வைத்திருக்காதே. உன் அறைத் தோழிகளுக்கு அது என்னவென்று தெரியாது. அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகுமென்றாலும், அந்த ஒரு மணி நேரத்துக்காகவாவது, இது உண்பதற்கன்று என்று அவர்கள் படிக்கக்கூடிய எழுத்தில் பெரிதாக எழுதி அதன்மேல் ஒட்டி வை.

உன் நலனே நினைவாக இருக்கும்
அன்னை,
மருதப்பன் செல்லக்கண்ணு